பூம்பாறை: ஐந்து தேனீப் பெட்டியில் எத்தனை பிழைத்தது? இப்போது திறக்கலாமா?

பூண்டுக்காடு, பூம்பாறை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பூம்பாறைக்குக் கொஞ்சம் மேலே எங்கள் காடு. பூண்டு, உருளைக்கிழங்கு, வரப்போரம் பிளம்ஸ் மரங்கள். போன ஆனியில் கீழ்நாட்டில் ஒருவரிடம் ஐந்து நியூட்டன் பெட்டி (நம் தேனீக்கான சிறிய மரப்பெட்டி) வாங்கி வைத்தேன். எல்லாமே அடுக்குத் தேனீ, நம் நாட்டு ஈ. புரட்டாசி வரை ஒரு குறையும் இல்லை, விற்றவர் சொன்னபடி தேனும் எடுத்தோம். அப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழை பெட்டிப் பக்கம் போகவே விடவில்லை. மழை விட்டதும் உறைபனி. பள்ளத்துக் காட்டில் விடிகாலையில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது.

பொங்கல் கழிந்து வெயில் ஏறியதும் ஒரு பார்வை பார்த்தேன். முதல் பெட்டியில் பத்து மணிக்கு மேல் ஈ நன்றாகப் பறக்கிறது, காலில் மஞ்சள் மகரந்தத்தோடு வருகிறது. இரண்டாவதில் போக்குவரத்து குறைவு. பெட்டியைத் தட்டினால் உள்ளே ‘ஙொய்’ என்று சத்தம் கிளம்பி அடங்கவே மாட்டேன் என்கிறது. மூன்றாவதில் நடமாட்டமே இல்லை என்று மூடியைத் தூக்கினேன், சுத்தமாகக் காலி. செத்த ஈ ஒன்றுகூட இல்லை, அடையில் மட்டும் நூலாம்படை பின்னியிருக்கிறது. நான்காவதில் அடிப்பலகை முழுக்கச் செத்த ஈ. அடை அறைகளுக்குள்ளும் தலையை நுழைத்தபடி செத்துக் கிடக்கிறது. ஐந்தாவது உயிரோடு இருக்கிறது, ஆனால் வாசல் பலகையெல்லாம் மஞ்சள் கோடு கோடாகக் கறை.

பெட்டி விற்றவர் பங்குனி வரை கை வைக்காதே, குளிர் ஏறிவிடும் என்கிறார். மச்சான் வெல்லப்பாகு காய்ச்சி வை என்கிறான். யூடியூபில் வெள்ளைக்காரர்கள் பெட்டியைக் கம்பளியில் சுற்றிப் பனிக்குள் புதைத்து வைக்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது? வேலப்பர் கோயில் தேர் வேறு வருகிறது, அதற்குள் வேலையை முடிக்க வேண்டும்.

காப்பித்தோட்டம், தாண்டிக்குடி எழுதியது:

தம்பி, முதலில் அந்த யூடியூபை மூடுங்கள். அவர்கள் ஊரில் ஈ மாதக்கணக்கில் வெளியே தலை காட்ட முடியாது. ஒரே உருண்டையாகச் சேர்ந்து, இருபது முப்பது கிலோ தேனைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கும். கொடைக்கானலில் தை மாத இரவு 8 டிகிரிக்கு இறங்கும், உங்கள் பள்ளத்தில் அதற்கும் கீழே போகும். ஆனால் மதியம் வெயில் அடிக்கிறதே! முக்கால்வாசி நாள் ஈ வெளியே வந்து காலைக்கடனைக் கழித்துவிட்டுப் போகிறது. இந்த மலையில் வெறும் குளிரால் செத்த பெட்டியை நான் பார்த்ததில்லை. ஈரத்திலும் பட்டினியிலும் போனவைதான் எல்லாம்.

பட்டினி எப்போது வரும் என்பதில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். மார்கழியில் ராணி முட்டையைக் குறைத்துவிடும். இருக்கிற ஈ நெருக்கி உட்கார்ந்து கொஞ்சமாகத் தின்னும். தை பாதியில் பொழுது நீண்டு வரும்போது ராணி மறுபடி முட்டையிடும். புழு வந்துவிட்டால் அந்த இடத்தை இரவும் பகலும் 34 டிகிரி சுமாரில் வைத்திருக்க வேண்டும், அதற்குத் தேனைத்தான் எரிக்க வேண்டும். உங்கள் பிளம்ஸ் இன்னும் முழுதாகப் பூக்கவில்லை, பேரி மாசிக்கு மேல்தான். ஆக, வாய்கள் கூடும் நேரமும் வீட்டில் ஒன்றும் இல்லாத நேரமும் ஒன்றாக வருகின்றன. மார்கழியைத் தாண்டிய பெட்டி மாசியில் சாவது இதனால்தான். பங்குனி வரை தொடாதே என்றவர் கீழ்நாட்டுக்காரர். அவர் பேச்சைக் கேட்டால் பங்குனியில் பிணத்தைத்தான் திறப்பீர்கள். புரட்டாசியில் தேன் எடுக்கச் சொன்னதும் அதே கணக்கு. அங்கே மழை நின்றால் ஏதாவது பூத்துவிடும். மேலே அந்தத் தேன்தான் குளிர்காலச் சாப்பாடு.

அதனால் திறக்கலாம். காற்றில்லாத நாளாகப் பார்த்து, பதினொரு மணிக்கு மேல், ஈ தானாகவே பறந்துகொண்டிருக்கும் நேரத்தில் திறங்கள். திறக்கும் முன்பே பாதி விஷயம் தெரிந்துவிடும். பின்பக்கம் நின்று ஒரு கையால் பெட்டியை லேசாகத் தூக்குங்கள். மூன்றாவது காலிதானே, முதலில் அதைத் தூக்கிக் கை பழக்கிக்கொண்டு மற்றதைத் தூக்கினால் உள்ளே தேன் இருக்கிறதா என்று கையே சொல்லும். அப்புறம் பக்கவாட்டில் ஒரு தட்டு. ராணி உள்ள பெட்டி ‘ஸ்ஸ்’ என்று ஒரே மூச்சில் சீறிவிட்டு அடங்கும். அடங்காமல் இழுத்துக்கொண்டே போனால் ராணி இல்லையோ என்று சந்தேகப்படலாம். உங்கள் இரண்டாவது பெட்டி எனக்கு அப்படித்தான் படுகிறது, பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்து அடிப்பலகையை உருவிப் பாருங்கள். நம் ஈ பழைய அடையைக் கடித்துக் கடித்துக் கீழே போடும் பழக்கம் உள்ளது. அந்த மெழுகுத்தூள் தவிடு மாதிரி வரிவரியாக விழுந்திருக்கும். எத்தனை வரியோ அத்தனை அடை இடுக்கில் ஈ உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். பார்த்துவிட்டு அதைச் சுரண்டித் தூரக் கொட்டுங்கள், மெழுகுப்பூச்சி முட்டை வைப்பதே அங்கேதான்.

மூன்றாவது பெட்டிக்கு அழ வேண்டாம், அது சாகவில்லை, ஓடிவிட்டது. வெளிநாட்டிலிருந்து வந்த இத்தாலியன் ஈ பட்டினி கிடந்தாலும் அதே பெட்டியில் கிடந்து சாகும். அடுக்குத் தேனீ அப்படியில்லை. வரவு நின்றால் ராணி முட்டையை நிறுத்தும், இருக்கிற புழு பொரிந்து முடியும்வரை காத்திருக்கும், மிச்சத் தேனை வயிற்றில் ஏற்றிக்கொண்டு ஒரு நாள் மதியம் மொத்தமாகக் கிளம்பிவிடும். பிணம் இல்லை, புழு இல்லை, தேன் இல்லை என்றால் அதுதான் கதை. நூலாம்படை பின்னிய மெழுகுப்பூச்சி பின்னால் வந்து குடியேறியது, அதன்மேல் பழி போடாதீர்கள். மழைக்காலம் முடியும்போது எங்கள் தோட்டத்தில் சும்மா வைத்த பெட்டிகளில் புதுக் கூட்டம் வந்து உட்காரும். மேலே உங்கள் ஊரிலிருந்து இறங்கியதா, பக்கத்துப் பாறைப் பொந்திலிருந்து வந்ததா என்று அதனிடம் கேட்கவா முடியும்? நானும் கேட்பதில்லை. அந்தப் பெட்டியைச் சுத்தம் செய்து, உள்ளே கொஞ்சம் பழைய மெழுகைத் தேய்த்து, பிளம்ஸ் பூக்கும்போது வெயில்படும் சுவரோரம் உயரமாக வைத்துவிடுங்கள். வந்தால் லாபம்.

நான்காவதுதான் வருத்தம். தலையை அறைக்குள் விட்டபடி செத்திருந்தால் பட்டினி, வேறு காரணம் தேட வேண்டாம். கடைசிச் சொட்டை நக்க உள்ளே போனவை. மருந்தடியில் செத்திருந்தால் வாசலுக்கு வெளியே குவிந்து, நாக்கை நீட்டிக்கொண்டு கிடக்கும்.

ஐந்தாவதைத் திறந்து சாப்பாடு இருக்கிறதா, முட்டை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வெயிலை முதுகில் வாங்கி நின்று, சட்டத்தைச் சாய்த்து அறையின் அடியில் பாருங்கள். ஒரு அறைக்கு ஒரே முட்டை, நடு அடியில் இருந்தால் கடந்த மூன்று நாளுக்குள் ராணி அங்கே நடந்திருக்கிறது. ராணியைத் தேடிச் சட்டம் சட்டமாகப் புரட்டிக்கொண்டு நிற்காதீர்கள், புழு விறைத்துவிடும். புகையும் கொஞ்சமாகத்தான். நம் ஈக்குப் புகை அதிகமானால் ஓடும் யோசனை வந்துவிடும்.

வெல்லப்பாகு வேண்டவே வேண்டாம். வெல்லத்தில் உள்ள அழுக்கும் உப்பும் ஈக்குச் செரிக்காது. கூட்டிலேயே அடைந்து கிடக்கும் நாளில் அதற்கு வயிற்றுப்போக்கு வரும். ஐந்தாவது பெட்டியில் நீங்கள் பார்த்த கறையே அதுதான். மச்சான் ஏற்கனவே ஊற்றிவிட்டானா என்று கேளுங்கள். வெள்ளைச் சீனி போதும்.

சித்தகத்தி, கோத்தகிரி எழுதியது:

அண்ணன் சொன்னதில் பெரும்பாலும் எனக்கும் சம்மதம். ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். கறை என்றதும் வெல்லம்தான் என்று முடிவு கட்ட வேண்டாம். நான்கைந்து நாள் மழையும் மூட்டமுமாக அடைத்துக் கிடந்துவிட்டு முதல் வெயிலில் வெளியே வந்தாலும் இதே கறை வாசலில் விழும். அது வெளியே மட்டும் இருந்தால் கவலையில்லை. சட்டத்தின் மேலும் அடையின் மேலும் உள்ளேயே கறை இருந்தால், ஈ வயிறு உப்பித் தரையில் ஊர்ந்தால், அது நோய். அந்த அடைகளை வேறு பெட்டிக்கு மாற்றவே கூடாது.

இன்னொன்று முக்கியம். ஐந்தாவதைத் தனியாக, கடைசியாகத் திறங்கள். கையையும் உளியையும் கழுவாமல் ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குப் போகாதீர்கள். 1991-92இல் தாய்லாந்து சாக்புரூட் என்ற புழு நோய் வந்தபோது கேரளம், கன்னியாகுமரியிலிருந்து நம் மலை வரை அடுக்குத் தேனீப் பெட்டிகள் பெருவாரியாக அழிந்தன. மாமனார் அப்போது வைத்திருந்தவர், பெட்டிகளைக் கடைசியில் அடுப்புக்குத்தான் போட்டார். அந்த நச்சுயிரி இன்னும் போகவில்லை. ஈரமும் குளிரும் உள்ள மாதங்களில், கூட்டம் மெலிந்திருக்கும்போது எட்டிப் பார்க்கும். அடையாளம் சுலபம்: மூடப்போகும் அறையில் புழு மல்லாந்து, தலை மேலே தூக்கி நிற்கும். இடுக்கியால் மெல்லத் தூக்கினால் நீர் நிறைந்த பையாக முழுசாக வரும். நாற்றம் இருக்காது. காய்ந்துபோனால் படகு வடிவில் ஒட்டிக் கிடக்கும், சுலபமாக உதிரும். புளித்த வாடையடித்து, புழு மஞ்சளாகக் குழைந்து சுருண்டிருந்தால் அது வேறு நோய், பாக்டீரியாவால் வருவது. சாக்புரூட்டுக்கு மருந்து கிடையாது. ராணியைச் சில நாள் கூண்டில் அடைத்து முட்டையை நிறுத்தி, புழு இல்லாத இடைவெளி விட்டால் பல கூட்டம் தானாகத் தேறும். கிடைத்தால் தாக்குப் பிடித்த கூட்டத்திலிருந்து வேறு ராணி மாற்றலாம்.

ஈரத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊட்டியில் காந்தல், தலைக்குந்தா பக்கம் உறைபனி எப்படிப் பள்ளத்திலேயே தேங்குகிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கித் தாழ்ந்த இடத்தில் நிற்கும். உங்கள் பெட்டிகளும் பள்ளத்துக் காட்டில் இருந்தால் ஒரு இருபதடி மேலே ஏற்றிக் கிழக்குப் பார்த்து வையுங்கள். காலை வெயில் முதலில் படும் இடம், பின்னால் காற்று மறைக்க ஒரு வேலி, அவ்வளவு போதும். ஆனால் ஒரே நாளில் ஏற்றாதீர்கள். பறக்கும் நாட்களில் தினம் ஓரிரு அடி நகர்த்துங்கள், இல்லையென்றால் ஈ பழைய இடத்துக்கே திரும்பும். பெட்டியை முன்பக்கம் அரை அங்குலம் சரித்து வைத்தால் உள்ளே வியர்க்கும் தண்ணீர் வாசல் வழியாக வடியும். மேல்மூடிக்கும் உள்மூடிக்கும் நடுவே மடித்த சணல் சாக்கு வையுங்கள். அடுக்குத் தேனீ இத்தாலியன் மாதிரி மரப்பிசின் கொண்டுவந்து விரிசலை அடைக்காது, அந்த வேலை நம்முடையது. நாங்கள் செம்மண்ணும் சாணமும் குழைத்து வெளியிலிருந்து பூசுவோம்.

எங்கள் ஊரில் இத்தனையும் செய்து முடித்தபின் கரடி வந்து பெட்டியைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போகும். அதற்கு எந்தப் பயிற்சியிலும் பாடம் நடத்துவதில்லை.

மலைத்தேன் 77 எழுதியது:

இத்தனை கஷ்டம் எதற்கு? இத்தாலியன் பெட்டி வாங்கி வையுங்கள். ஓடாது, தேனும் பல மடங்கு.

காப்பித்தோட்டம், தாண்டிக்குடி எழுதியது:

பல மடங்கு தேன் வரும், பெட்டியை லாரியில் ஏற்றிப் பூவைத் துரத்திக்கொண்டு போனால். சூரியகாந்தி, ரப்பர் என்று மாநிலம் மாநிலமாகச் சுற்றுகிறவர்களுக்கு அது சரி. ஒரே காட்டில் வருஷம் முழுக்க நிறுத்தினால் தீனி போட்டே ஓய்ந்துவிடுவீர்கள். வர்ரோவா உண்ணி வேறு. நம் ஈ அதைத் தானே கடித்துத் தள்ளிக்கொள்ளும், இத்தாலியனுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. பூம்பாறையில் காலைக் குளிரில் முதலில் பிளம்ஸ் பூவில் உட்காருவதும் அடுக்குத் தேனீதான். காய் பிடிக்க அது போதும்.

பூண்டுக்காடு, பூம்பாறை எழுதியது:

அண்ணே, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. நேற்று நல்ல வெயில், திறந்து பார்த்துவிட்டேன்.

முதல் பெட்டியில் நான்கு அடையில் ஈ நிறைந்திருக்கிறது. நடு இரண்டு அடையில் மூடிய புழு, சுற்றி முட்டை, மேல் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தேன். ஐந்தாவதில் ஈ இரண்டு அடைக்குத்தான் இருக்கிறது. முட்டை இருக்கிறது, ஒரு அறைக்கு ஒன்றுதான். புழு வெள்ளையாகச் சுருண்டு படுத்திருக்கிறது, அக்கா சொன்ன மாதிரி தலை தூக்கியது எதுவும் இல்லை. கறை வெளியே மட்டும்தான், உள்ளே சுத்தம். தேன் ஒரு சொட்டு இல்லை. (மச்சான் வெல்லம் ஊற்றவில்லையாம், சத்தியம் செய்கிறான்.)

இரண்டாவதுதான் புரியவில்லை. ஒரே அறையில் மூன்று நான்கு முட்டை கிடக்கிறது, சில அறையில் அடியில் இல்லாமல் சுவரில் ஒட்டியிருக்கிறது. மூடிய அறைகள் மேடு தட்டி நிற்கின்றன, உச்சியில் ஊசி குத்திய மாதிரி ஓட்டை. இவ்வளவு முட்டை இருக்கிறதே, ராணி நல்ல ராணி என்று வைத்துக்கொள்ளலாமா? ஐந்தாவதோடு சேர்த்துவிடலாமா?

காப்பித்தோட்டம், தாண்டிக்குடி எழுதியது:

ராணி இல்லை தம்பி. ராணி போய் நாளாகிவிட்டதால் வேலைக்காரத் தேனீக்களே முட்டை போடுகின்றன. அவற்றின் வயிறு குட்டை, அறையின் அடிவரை எட்டாது, அதனால்தான் சுவரில் ஒட்டியிருக்கிறது. அவை இணை சேராதவை, போடும் முட்டை எல்லாம் ஆண் ஈயாகத்தான் பொரியும். உச்சியில் ஓட்டையுள்ள அந்த மேட்டு மூடிதான் அடுக்குத் தேனீயில் ஆண் அறைக்கு அடையாளம். அந்தக் கூட்டத்துக்கு இனி வேலைக்கார ஈ பிறக்காது. இருப்பது சாகச் சாகக் கூட்டம் முடிந்துவிடும்.

ஐந்தாவதோடு நேரடியாகச் சேர்த்தால் முட்டை போடுகிற ஈக்கள் அங்கே இருக்கும் ராணியையே கொன்றுவிடக்கூடும், அதுவும் ஐந்தாவது மெலிந்த கூட்டம். ராணி மட்டும் இல்லாத பெட்டி என்றால் நடுவே ஊசித்துளை போட்ட செய்தித்தாளை வைத்துச் சேர்க்கச் சொல்லியிருப்பேன். இரண்டு மூன்று நாளில் தாளைக் கடித்து வழி பண்ணிக்கொள்ளும், அதற்குள் வாடை ஒன்றாகிவிடும். இது அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. புது ராணி வளர்க்கவும் இது காலமில்லை. கன்னி ராணி பறந்துபோய் இணை சேர மதியம் நல்ல வெதுவெதுப்பு வேண்டும், சுற்றுவட்டாரத்தில் ஆண் ஈ வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு வெயில் மதியம் இரண்டாவது பெட்டியைக் கொஞ்ச தூரம் தூக்கிப் போய், சட்டங்களைத் துணிமேல் உதறிவிட்டு, பெட்டியை அங்கிருந்தே எடுத்துவிடுங்கள். பழைய இடத்தில் எதையும் வைக்காதீர்கள். பறக்கத் தெரிந்த ஈ திரும்பி வந்து, பெட்டி இல்லாததால் பக்கத்து முதல் பெட்டியில் கெஞ்சிக் கேட்டு நுழைந்துகொள்ளும். அன்றைக்கு முதல் பெட்டிக்கும் கொஞ்சம் சீனிப் பாகு கொடுத்தால் வாசல் காவல் அவ்வளவு முறைக்காது.

ஐந்தாவதில் ஈ உட்கார்ந்திருக்கும் இரண்டு அடையை விட்டு மற்றதை எடுத்துவிட்டு, பக்கத்தில் தடுப்புப் பலகை போட்டு நெருக்குங்கள். காலி இடத்தையெல்லாம் சூடாக்க அதற்குத் தெம்பில்லை. அதற்குச் சீனிப் பாகு கொடுங்கள்: ஒரு கிலோ சீனிக்கு ஒரு லிட்டர் தண்ணீர், கொதித்த தண்ணீரை இறக்கி வைத்துவிட்டுக் கலக்க வேண்டும். அடுப்பில் கருகவிட்டால் அதுவும் வயிற்றைக் கெடுக்கும். சட்டங்களுக்கு மேலே தேன் அறைக்குள் கொட்டாங்குச்சியில் ஊற்றி, மூழ்காமல் இருக்க நாலு குச்சி மிதக்கவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு வையுங்கள். வெளியே சிந்தினால் எறும்பும் பக்கத்துப் பெட்டி ஈயும் கொள்ளைக்கு வரும், அதனால் வாசலையும் இரண்டு ஈ நுழையும் அளவுக்குக் குறுக்குங்கள். பிளம்ஸ் முழுதாகப் பூக்கும்வரை விடாமல் கொடுக்க வேண்டும். புழு வந்தபின் பாகை நிறுத்தினால் இதுவும் ஓடிவிடும்.

சித்தகத்தி, கோத்தகிரி எழுதியது:

நான்காவதில் மிஞ்சிய அடைகளைத் தூக்கி எறியாதீர்கள் தம்பி. பட்டினியில் செத்ததுதான், ஆனாலும் காய்ந்த புழு ஒட்டியிருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். இல்லையென்றால் செத்த ஈயைத் தட்டிவிட்டு, மூடிய பெட்டிக்குள் கந்தகப் புகை போட்டு வையுங்கள். முதல் பெட்டி பெருகும்போது ஒவ்வொன்றாகக் கொடுக்கலாம். மிகவும் கறுத்துப்போனதை மட்டும் உருக்கிவிடுங்கள், அதைக் கொடுத்தாலும் நம் ஈ கடித்துத்தான் போடும்.

முதல் பெட்டியைப் பங்குனியில் இரண்டு கூட்டமாகப் பிரிக்கலாம், ஆண் ஈ பறப்பதைப் பார்த்த பிறகு. அதற்குள் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகப் பூச்சியியல் துறையில் நடக்கும் தேனீப் பயிற்சிக்கு ஒரு நாள் போய்வாருங்கள், பிரிப்பதைக் கையால் செய்து பார்த்தால்தான் பழகும்.

பூண்டுக்காடு, பூம்பாறை எழுதியது:

சரி அக்கா. இரண்டாவதை நாளை மதியம் உதறுகிறேன். பக்கத்துக் காட்டில் உருளைக்கு வியாழக்கிழமை மருந்தடிக்கிறார்களாம், சாயங்காலம் ஈ அடைந்த பிறகு அடிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், சரி என்றிருக்கிறார். சீனி ஐந்து கிலோ வாங்கியாயிற்று. மச்சான்தான் வாங்கி வந்தான்.